தோண்டும் முறையில் இருக்கிறது விடை

- நமது நாடாளுமன்ற நிருபர் -

புது தில்லி: 2020-ம் ஆண்டு பிப்ரவரி 1-ம் தேதி மக்களவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வாசித்த பட்ஜெட் உரை இரண்டே முக்கால் மணி நேரத்தை நெருங்கியது. வருமான வரி அறிவிப்புக்காகப் பத்திரிகையாளர் மாடம் காத்திருந்த வேளையில், தொல்லியலுக்கென ஒரு சிறு பத்தி வந்து போனது. ஹரியாணாவில் ராக்கிகடி, உத்தரப் பிரதேசத்தில் ஹஸ்தினாபுரம், அசாமில் சிவசாகர், குஜராத்தில் தோலாவிரா, தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூர் ஆகிய ஐந்தும் சிறப்புமிக்க தொல்லியல் இடங்களாக மேம்படுத்தப்படும், அங்கேயே அருங்காட்சியகங்கள் அமைக்கப்படும் என்று அமைச்சர் அறிவித்தார். தமிழ் நிருபர்களில் பலர் ஆதிச்சநல்லூர் என்ற பெயரை மட்டும் குறித்துக் கொண்டு மீண்டும் வரி விகிதங்களுக்குக் காது கொடுத்தோம்.

அந்தப் பட்டியலைப் பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. சிவசாகர், அஹோம் மன்னர்களின் குளங்களும் அரண்மனைகளும் தரைக்கு மேலேயே நிற்கும் ஊர். மற்ற நான்கும் மண்ணுக்குள் இருப்பவை. அந்த நான்கையும் ஒரே விதமாகத் தோண்ட முடியாது, தோண்டவும் இல்லை. ஹஸ்தினாபுரத்தில் இறக்கியது ஆழமான வெட்டு. தோலாவிராவில் திறக்கப்பட்டது ஒரு நகரத்தின் பரப்பு. ஆதிச்சநல்லூரில் ஈமத்தாழிகளை ஒவ்வொன்றாக மண் விலக்கி எடுக்க வேண்டியிருந்தது. ராக்கிகடியில் மேட்டின் மீது மக்கள் குடியிருக்கிறார்கள்.

இரு அவைகளிலும் அகழாய்வு பற்றி அடிக்கடி கேள்வி எழுகிறது. எத்தனை இடங்கள், எவ்வளவு நிதி, எந்த மாநிலத்துக்கு என்ன ஒதுக்கீடு, கிடைத்தவை எந்தக் காலத்தவை என்பனவே கேள்விகள். கலாசாரத் துறையின் பதிலும் ஒரு பட்டியலாக அவையில் வைக்கப்படுகிறது. எந்த முறையில் தோண்டினார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டதாக இந்த நிருபருக்கு நினைவில்லை. அகழாய்வை ஒட்டி எழுந்த பெரிய அரசியல் சச்சரவுகள் பலவும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கின்றன என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கிணறு வெட்டுவது போல...

முதல் வகை செங்குத்து அகழாய்வு. மேட்டில் ஒரு சிறிய பரப்பைத் தேர்ந்தெடுத்து, மனிதர் வாழ்ந்த தடயமே இல்லாத இயற்கை மண் தட்டுப்படும் வரை நேராகக் கீழே இறங்குவது. அந்த அடிமண்ணைத் தொல்லியலார் கன்னி மண் என்கிறார்கள். பரப்பு குறைவு, ஆழம் அதிகம், செலவும் ஆட்களும் ஒப்பீட்டளவில் குறைவு. ஓர் இடத்தில் முதலில் யார் குடியேறினார்கள், எத்தனை முறை ஊர் அழிந்து மீண்டும் எழுந்தது, எந்தப் பானைக்குப் பிறகு எந்தப் பானை வந்தது என்ற வரிசையை இம்முறை தரும். அந்த ஊர் எப்படி இருந்தது என்பதை இம்முறையால் தர இயலாது.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும். ஆழம் என்பது வேறு, மண்ணடுக்கு என்பது வேறு. மேலடுக்கு பிந்தியது, கீழடுக்கு முந்தியது என்பது பொது விதி. ஆனால் சுல்தான்கள் காலத்தில் ஒருவர் தம் வீட்டுப் பின்புறம் குப்பைக்குழி ஒன்றை ஆழமாகத் தோண்டியிருந்தால், அவர் எறிந்த உடைந்த சட்டி மௌரியர் காலச் செங்கல்லுக்குப் பக்கத்திலேயே, அதே ஆழத்தில் கிடக்கும். அளவு நாடாவை மட்டும் நம்புகிறவர் இரண்டையும் ஒரே காலத்தில் சேர்த்து விடுவார். மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறும் கோட்டைக் கவனிக்கத் தெரிந்தவர், அங்கே பிற்காலக் குழி ஒன்று குறுக்கிட்டிருப்பதைக் கண்டுகொள்வார்.

1920-களில் ஜான் மார்ஷல் தலைமையில் மொகஞ்சதாரோவைத் தோண்டியபோது, பொருள்கள் பெரும்பாலும் ஆழ அளவை வைத்தே பதிவு செய்யப்பட்டன. தெருக்களும் வடிகால்களும் வெளிவந்தன, உலகம் வியந்தது. ஆனால் எந்தப் பொருள் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதைப் பிற்கால ஆய்வாளர்களால் பல இடங்களில் உறுதி செய்ய முடியாமல் போனது. இந்தக் குறையைக் கடுமையாகச் சாடியவர், 1944-ல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர். இரண்டாம் உலகப் போரில் பிரிகேடியராக இருந்துவிட்டு நேராக இங்கு வந்தவர். அவர் தொல்லியலை ஒரு படைப் பிரிவைப் போலவே நடத்தினார் என்று சொல்வதுண்டு. அந்த ஆண்டிலேயே தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தி, இந்திய மாணவர்களுக்குத் தோண்டக் கற்றுக் கொடுத்தார்.

அவர் கொண்டு வந்தது சதுர முறை. நிலத்தை முளையடித்துச் சம சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் இடையே மண்ணைத் தோண்டாமல் விட்டுவிட வேண்டும். வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படி. குழி ஆழமாக ஆக, அந்த வரப்பு ஒரு மண்சுவராக நிற்கும். அதன் பக்கங்களில் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். தோண்டி முடித்த பிறகும், இந்தப் பொருள் இந்த அடுக்கில்தான் இருந்தது என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி. நாடாளுமன்றத்தில் இருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள புராணா கிலாவில் அகழாய்வு நடந்த நாள்களில் சென்றவர்கள், குழிச்சுவரில் வரிசையாகக் குத்தி வைத்திருந்த சிறு அட்டைகளைப் பார்த்திருக்கலாம். மௌரியர், சுங்கர், குஷாணர், குப்தர், ராஜபுத்திரர், சுல்தான்கள், முகலாயர் எனத் தில்லியின் ஆட்சி மாற்றங்கள் அனைத்தும் ஒரே சுவரில் அடங்கியிருக்கின்றன.

புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் நடத்திய அகழாய்வும் இம்முறையில் அமைந்ததே. ரோமானிய மட்பாண்டங்களின் காலம் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. அவை இருந்த அதே அடுக்குகளில் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கு அதைக் கொண்டு காலம் கணிக்க முடிந்தது. 1947-ல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் அதே வகைப் பானைகள் கிடைத்தபோது, தென்னகப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களுக்கும் ஒரு காலச்சட்டகம் அமைந்தது. சிறு குழிகளே இவ்வளவையும் தந்தன.

ஆனால் அதே சிறு குழிகள் எதைத் தராது என்பதற்கு ஹஸ்தினாபுரம் உதாரணம். வீலரிடம் பயின்ற பி.பி.லால் 1950 முதல் 1952 வரை மீரட் மாவட்டத்தில் உள்ள அந்த மேட்டில் ஆழமான வெட்டுகளை இறக்கினார். சாம்பல் நிற ஓவியப் பானைகள் கிடைத்தன. அந்த ஊர் கங்கையின் வெள்ளத்தால் அழிந்ததற்கான தடயமும் அடுக்கில் தெரிந்தது. மகாபாரதக் கதையோடு அவர் அதை இணைத்துப் பார்த்தார். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்த மக்கள் எத்தகைய வீட்டில் வாழ்ந்தார்கள், ஊர் எவ்வளவு பெரியது என்று கேட்டால், அந்த அடுக்கில் தோண்டிய பரப்பு மிகச் சிறிது என்பதால் முழு வீடு ஒன்றின் அமைப்பைக்கூடக் காட்ட முடியவில்லை. நாணல் படலில் மண் பூசிய சுவர்களின் எச்சங்களே தெரிந்தன. 1970-களின் நடுவில் ஹரியாணாவின் பகவான்புராவில் ஜே.பி.ஜோஷி நடத்திய அகழாய்வில் அதே பானைகளைப் பயன்படுத்திய மக்களின் 13 அறைகள் கொண்ட வீடு ஒன்று வெளிப்பட்டது. பிற்கால ஹரப்பா மக்களும் இவர்களும் ஒரே காலத்தில் ஒரே இடத்தில் வாழ்ந்ததற்கான சான்றும் கிடைத்தது.

பரப்பைத் திறந்தால்...

இரண்டாவது வகை கிடைமட்ட அகழாய்வு. ஒரே காலத்தைச் சேர்ந்த அடுக்கைப் பரந்த பரப்பில் திறந்து காட்டுவது. பல ஆண்டுகள் பிடிக்கும், பணம் கரையும், திறந்து வைத்ததை மழையில் இருந்து காக்க வேண்டும். பலன் என்னவென்றால், வரிசைக்குப் பதிலாக வாழ்க்கை தெரியும்.

ராஜஸ்தானில் காகர் ஆற்றங்கரையில் உள்ள காளிபங்கனில் 1960-களில் ஆண்டுக்கு ஆண்டு நடந்த அகழாய்வில், பண்டைய ஊரின் கோட்டைச் சுவருக்கு வெளியே உழுத வயல் ஒன்று வெளிப்பட்டது. ஹரப்பா நகர நாகரிகம் முழுவளர்ச்சி பெறுவதற்கு முந்திய காலத்தின் உழவுச்சால்கள் அவை. ஒரு திசையில் நெருக்கமாகவும் குறுக்குத் திசையில் அகலமாகவும் ஓடின. ஒரே வயலில் இரு பயிர்களை விதைக்க அந்தப் பகுதி விவசாயிகள் அகழாய்வு நடந்த காலத்திலும் அதே விதமாகத்தான் உழுது கொண்டிருந்தார்கள். ஒரு கிணற்றளவு குழியில் இந்தச் சால்கள் தட்டுப்பட்டிருந்தால், ஏதோ மண் கீறல் என்று கடந்து போயிருப்பார்கள்.

புணே மாவட்டத்தின் இனாம்காவ் இன்னும் நல்ல உதாரணம். 1968 முதல் 1983 வரை தக்காணக் கல்லூரி ஆய்வாளர்கள் அங்கு பொறுமையாகப் பரப்பைத் திறந்தார்கள். 130-க்கும் மேற்பட்ட வீடுகள் வெளிவந்தன. தானியக் கிடங்கு, பாசன வாய்க்கால், ஊர்த் தலைவருடையது என்று கருதப்படும் ஐந்து அறை வீடு ஆகியவை அடையாளம் காணப்பட்டன. காலம் செல்லச் செல்ல நீள்சதுர வீடுகள் மறைந்து சிறிய வட்டக் குடிசைகள் பெருகியது தெரிந்தது. மழை பொய்த்து விவசாயம் நலிந்து, மக்கள் மெல்ல ஏழ்மையில் விழுந்த கதையை ஆய்வாளர்கள் அந்தத் தரைகளில் இருந்து படித்தார்கள். எழுத்தே இல்லாத ஒரு சிற்றூரைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிந்தது, அவசரப்படாமல் பரப்பளவில் தோண்டியதால்தான்.

தோலாவிராவில் 1990 முதல் ஆர்.எஸ்.பிஷ்ட் தலைமையில் நடந்த பணியும் இவ்வகையே. பாறையில் குடைந்த நீர்த்தேக்கங்கள், கோட்டை, விளையாட்டு மைதானம் போன்ற திடல், வடக்கு வாயிலருகே பத்துக் குறியீடுகள் கொண்ட பெயர்ப்பலகை எல்லாம் பரப்பைத் திறந்ததால் கிடைத்தவை. 2021-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்த இரு வகைகளுக்கும் வெளியே சிறப்பு முறைகள் சில உண்டு. கல்வட்டங்களை நான்கு கால்பாகங்களாகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களை முதலில் தோண்டுவார்கள். நடுவில் உள்ள குழியின் குறுக்குவெட்டு இருபுறமும் தெரியும் என்பதற்காக. தாழிக்காடுகளில் மண்வெட்டிக்கு வேலை மிகக் குறைவு. தூரிகையும் சிறு கத்தியும்தான். அணை கட்டும்போது மூழ்கப் போகும் இடங்களில் நடப்பது மீட்பு அகழாய்வு. நாகார்ஜுனசாகர் அணைக்காக 1954 முதல் 1960 வரை நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கு முழுவதும் அவ்வாறு தோண்டப்பட்டது. முக்கியச் சின்னங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, இன்று தீவாக நிற்கும் குன்றின் மேல் மீண்டும் நிறுவப்பட்டன. கடிகாரத்தோடு போட்டியிட்டுச் செய்த வேலை அது.

கனவு கண்டு தோண்டுவது ஒரு முறையா என்று கேட்கக் கூடாது. 2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டம் தௌண்டியா கேராவில், ஆயிரம் டன் தங்கம் புதைந்திருப்பதாகச் சாமியார் ஒருவர் கண்ட கனவின் பின்னணியில் தொல்பொருள் துறை குழி போட்டது. புவியியல் ஆய்வுத் துறையின் கண்டறிதலே அடிப்படை, கனவு அல்ல என்று விளக்கமும் அளித்தது. தொலைக்காட்சி வாகனங்கள் வரிசை கட்டின. தங்கம் கிடைக்கவில்லை. பானை ஓடுகளும் பழைய செங்கற்சுவர்களும் கிடைத்தன.

நீதிமன்றத்தின் பார்வையில்...

தோண்டும் முறை குறித்து நாடே விவாதித்த ஒரே சந்தர்ப்பம் அயோத்தி. 2003 மார்ச் 5-ம் தேதி அலாகாபாத் உயர் நீதிமன்றம் அகழாய்வுக்கு உத்தரவிட்டது. அதற்கு முன் நிலத்தை ஊடுருவும் ராடார் கொண்டு நடத்திய ஆய்வு, பூமிக்கடியில் 184 இடங்களில் மாறுபாடுகள் இருப்பதாகக் கூறியிருந்தது. மார்ச் 12 முதல் ஆகஸ்ட் 7 வரை பணி நடந்தது. ராமர் சிலை இருந்த இடத்தைச் சுற்றிப் பத்து அடிக்குள் தோண்டக் கூடாது, தொழிலாளர்களில் முஸ்லிம்களுக்கு உரிய இடம் வேண்டும், அனைத்தும் படம் பிடிக்கப்பட வேண்டும் என்றெல்லாம் நீதிமன்றம் நிபந்தனை விதித்தது. 90 குழிகள் தோண்டப்பட்டன.

பெரிய கட்டுமானம் ஒன்று கீழே இருந்தது, 50 தூண்களின் அடித்தளங்கள் தெரிகின்றன என்று துறையின் அறிக்கை கூறியது. எதிர்த்தரப்பு வல்லுநர்கள் எழுப்பிய ஆட்சேபம் முறை சார்ந்தது. அந்த அடித்தளங்கள் எல்லாம் ஒரே தளத்தையும் ஒரே அடுக்கையும் சேர்ந்தவையா, சில இடங்களில் உடைந்த செங்கற்குவியலைச் சுற்றி வெட்டியதால் தூண் அடித்தளம் போலத் தோன்றுகிறதா, எலும்புகளும் மெருகேற்றிய பானை ஓடுகளும் அடுக்குவாரியாக முழுமையாகப் பதிவாயினவா என்று அவர்கள் கேட்டார்கள். 2019 நவம்பர் 9-ம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அறிக்கையை ஏற்றுக் கொண்டது. மசூதிக்கு அடியில் இருந்தது இஸ்லாமியக் கட்டுமானம் அல்ல என்றது. அதேநேரத்தில் கோயில் இடிக்கப்பட்டுத்தான் மசூதி கட்டப்பட்டதா என்பதற்கு அகழாய்வு விடை தரவில்லை என்றும், நில உரிமையைத் தொல்லியல் முடிவை மட்டும் வைத்துத் தீர்மானிக்க இயலாது என்றும் பதிவு செய்தது. தீர்ப்பின் அந்தப் பகுதி அன்று தொலைக்காட்சி விவாதங்களில் அதிகம் பேசப்படவில்லை.

தமிழக வாசகர்கள் நன்கறிந்த கீழடி விவகாரமும் இதே புள்ளிக்குத்தான் வந்து நிற்கிறது. கே.அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் முதல் இரு கட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குழிகள் தோண்டப்பட்டன. 2017-ல் அவர் அசாமுக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் கட்டத்தில் கட்டடத் தொடர்ச்சி கிடைக்கவில்லை என்றது துறை. 110 ஏக்கர் மேட்டில் சிறு பகுதியைத் திறந்துவிட்டுத் தொடர்ச்சி இல்லை என்று சொல்வது, கிணற்றுக்குள் இருந்து கொண்டு ஊரைக் காணவில்லை என்பதற்கு ஒப்பாகும் என்பதே இந்த நிருபரின் கருத்து. 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை பணியைத் தொடர்ந்தது. 2023 ஜனவரியில் அமர்நாத் 982 பக்க அறிக்கையைச் சமர்ப்பித்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 2025 மே மாதம் அது திருத்தம் கோரித் திருப்பி அனுப்பப்பட்டது. காலக்கணிப்புக்குப் போதிய ஆதாரம் வேண்டும் என்பதோடு, ஆழத்தை மட்டும் குறித்தால் போதாது, மண்ணடுக்கின் எண்ணும் வேண்டும் என்பதும் துறை கூறிய குறைகளில் ஒன்று. மார்ஷல் மீது வீலர் சாட்டிய அதே குற்றச்சாட்டு! அடுக்கு வரிசையும் கரிமக் கணிப்பும் அறிக்கையிலேயே தெளிவாக உள்ளன என்று பதிலளித்து, திருத்த மறுத்தார் அமர்நாத். அடுத்த மாதமே அவர் மீண்டும் மாற்றப்பட்டார்.

கேள்வி நியாயமானதா, இல்லையா என்பதை அறிக்கை வெளிவந்தால் நாட்டில் உள்ள எந்தத் தொல்லியல் மாணவரும் சரிபார்த்துச் சொல்லி விடலாம். குழிச்சுவரின் வரைபடம் அதில் இருக்கும். அகழாய்வு மற்ற அறிவியல் சோதனைகளைப் போன்றது அல்ல. ஒருமுறை தோண்டிய மண்ணை மீண்டும் தோண்ட முடியாது. தோண்டியவரின் குறிப்பேடும் படங்களும் அறிக்கையும்தான் மிச்சம். அந்த அறிக்கையை முடக்கி வைத்தால், தோண்டிய இடம் இரண்டாம் முறை அழிகிறது.

முடங்கியது கீழடி மட்டும் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1969-ல் முடிந்த காளிபங்கன் அகழாய்வின் முதல் பகுதி அறிக்கை 2003-லும், இரண்டாம் பகுதி 2015-லும் வெளிவந்தன. ஆதிச்சநல்லூரில் 2004-05-ல் எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்பது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வலியுறுத்திய பிறகு 2019-ல்தான் தெரிய வந்தது. தொல்பொருள் துறை தன் செலவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே அகழாய்வுக்கும் கள ஆய்வுக்கும் ஒதுக்குகிறது என்று 2013-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். அத்தகைய நிதியில் கிடைமட்ட அகழாய்வை எதிர்பார்ப்பது கடினம். சிறு குழிகள்தான் போடுவார்கள். சிறு குழிகளை வைத்துக் கொண்டு பெரிய கேள்விகளுக்கு விடை கேட்போம்.

மாநிலங்கள் தாமே முன்வந்து தோண்டலாமே என்றால், அதிலும் ஒரு முடிச்சு உண்டு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்படாத தொல்லியல் இடங்கள் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் 40-வது இனமாக உள்ளன. ஆனால் 1958-ம் ஆண்டுச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி, பாதுகாக்கப்படாத இடத்தில்கூட மத்திய அரசின் முன் அனுமதி இன்றி எந்த மாநில அரசும் அகழாய்வு நடத்த முடியாது. எங்கே தோண்டலாம் என்பதை முடிவு செய்யும் துறையும், எப்படித் தோண்டினாய் என்று பிறகு கேட்கும் துறையும் ஒன்றே.

பட்ஜெட் உரையில் முதலில் இடம்பெற்ற ராக்கிகடிக்கு வருவோம். அங்கு கிடைத்த ஒரே ஒரு பெண்ணின் எலும்பில் இருந்து பிரித்த மரபணுவை வைத்து 2019-ல் வெளியான ஆய்வு, ஆரியர் வருகை பற்றிய விவாதத்தில் இரு தரப்புக்கும் ஆயுதமானது. தில்லியில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்த ஊரில், நான்காவது, ஐந்தாவது மேடுகளின் மீது வீடுகள் நிற்கின்றன; அவற்றின் ஓரங்களில் வறட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நகரத்தைப் பரப்பளவில் திறந்து பார்க்க வேண்டுமானால் அங்கு வாழும் குடும்பங்கள் எழுந்து செல்ல வேண்டும். அவர்கள் எழாத வரை காலி இடங்களில் மட்டுமே குழி போடலாம். 2010-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக் கூடாது. பழுது பார்க்கவும் அனுமதி பெற வேண்டும். மகனுக்குத் திருமணமானால் மேலே ஓர் அறை எடுக்க முடியாத மக்கள், அருங்காட்சியகம் எப்போது முழுமையாகத் திறக்கும், அதில் தங்களுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று வருகிற நிருபர்களிடம் எல்லாம் கேட்கிறார்கள்.